கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்தவர்

ஒடெல் மேபெரி என் தங்கை வெர்லினின் கணவர். லீலண்டில் பள்ளிக்கூட பஸ்களுக்கு ரிப்பேர் பார்க்கிறவர். மொத்தம் நாற்பத்து நான்கு பஸ்கள். காலையில் அவை ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பார்க்க மாட்டார், காதை மட்டும் கொடுப்பார். "பத்தொன்பதை நிறுத்து, பெல்ட் தளர்ந்திருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும். நான் அதே பள்ளிக்கூடத்தில் சமையல்காரி என்பதால் இதை இருபது வருஷமாகத் தினமும் பார்த்திருக்கிறேன்.

எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தேவாலயத்தில் ஐந்து ரொட்டியும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாக இருந்த கதையைப் பாதிரியார் சொன்னால், பக்கத்தில் குனிந்து, "அந்த ஐயாயிரத்தை எண்ணினது யாரு, அக்கா?" என்று என்னிடம் கேட்பார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவேன். அப்படிப்பட்ட மனிதர் தன் ஆயுளில் இருபத்துமூன்று வருஷம் ஒரு மூடநம்பிக்கைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார். அதைக் கட்டியது நான்.

எங்கள் குடும்பத்துக்கு டாலபூசா ஸ்டேட் கல்லூரி என்றால் உயிர். எங்கள் அப்பா அங்கேதான் படித்தார். நானும் வெர்லினும் நடக்கப் பழகியது அந்த மைதானத்துப் படிகளில்தான் என்று அம்மா சொல்வாள். ஆட்டம் எங்கள் ஊர்க் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற வகை; எங்கள் அணிக்குப் பெயர் மீன்கொத்திகள். இலையுதிர் காலம் வந்தால் எங்கள் வீட்டில் கத்தரிப்பூ நிறத்தைத் தவிர வேறு நிறத்துக்கு இடம் கிடையாது. லீலண்டிலிருந்து அலபாமாவின் அந்தக் கோடிக்கு ஆறு மணி நேரம். இருந்தாலும் சொந்த மைதானத்து ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டோம்.

வெர்லின் ஒடெலைக் கட்டிக்கொண்ட வருஷம் அவரையும் மூன்று ஆட்டங்களுக்கு உள்ளே கூட்டிப்போனோம். முதல் ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எல்லோரையும் தாண்டி ஓடினான். புள்ளி கிடைக்கிற எல்லைக் கோட்டுக்கு இரண்டு கஜம் இருக்கும்போது, சுற்றிலும் ஈ காக்கா இல்லாத இடத்தில், பந்து தானாக நழுவி விழுந்தது. தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தில் கடைசி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவதில் ஜெயித்துவிட்டோம் என்று நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்து முடித்த பிறகு நடுவர் தப்பாட்டம் என்று மஞ்சள் துணியை எடுத்து வீசினார், எங்கள் புள்ளிகள் போயின.

நான்காவது ஆட்டத்தில் பாதி முடிவதற்குள் பதினேழு புள்ளி பின்னால் இருந்தோம். ஒடெல் திடீரென்று, "அடுப்புல கேஸை மூடினேனான்னு சந்தேகமா இருக்கு" என்று எழுந்து, மைதானத்துக்கு வெளியே நாங்கள் சமைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார். போனவர் திரும்பவில்லை, கறியைப் புரட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நாங்கள் ஜெயித்தோம். பதினேழு புள்ளியைத் தாண்டி ஜெயித்தோம்!

"வெர்லின், உன் புருஷனுக்கு ராசியில்லைடி" என்று அன்று சாயங்காலம் நான்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒடெலும் சிரித்தார். அடுத்த ஆட்டத்துக்கு அவர் தாமாகவே வெளியே இருந்துகொண்டார், நாங்கள் மறுபடி ஜெயித்தோம். அதோடு முடிந்தது கதை. சந்தேகம் தீர ஒன்பது வருஷம் கழித்து ஒரு தடவை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தோம். நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் நாங்கள்.

அவர் வெளியே இருந்தும் தோற்ற ஆட்டங்கள் உண்டு. அதற்கெல்லாம் வேறு காரணங்கள் இருந்தன. பயிற்சியாளர் முட்டாள், மழை, நடுவருக்குக் கண் தெரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தேன்.

ஆக ஒடெலின் வேலை இப்படி அமைந்தது. பழைய பள்ளிக்கூட பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஒரு பக்கத்து இருக்கைகளைக் கழற்றி, கத்தரிப்பூ நிறமடித்து, வெள்ளிக்கிழமை எங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு எண்பத்திரண்டாம் நம்பர் சாலையில் ஆறு மணி நேரம் ஓட்டுவார். சனிக்கிழமை விடியும்போதே மைதானத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கும் திடலில் அடுப்பு மூட்டுவார். பன்றி விலாவும் கெளுத்தி மீனும் நாற்பது ஐம்பது பேருக்கு ஆகும். ஆட்டம் தொடங்கும் நேரம் நாங்கள் உள்ளே போவோம். அவர் இடுக்கியோடு நிற்பார். வெர்லின் வருஷா வருஷம் நான்கு டிக்கெட் எடுப்பாள். அவருடைய இருக்கையில் எங்கள் கோட்டுகள் உட்கார்ந்திருக்கும்.

திடலில் அவர் பெயர் பிரசித்தம். எதிரணிக்காரர்கள் வந்து கும்பிடாத குறை. எங்கள் பரம எதிரியான பெட்டிஸ் ஸ்டேட் கல்லூரியின் ஆள் ஒருவன், லமார் என்று பெயர், ஒவ்வொரு வருஷமும் டிக்கெட்டை ஆட்டிக்கொண்டு வருவான். "ஒடெல் அண்ணே, நட்ட நடு இடம். வெயில் படாது. உங்களுக்குன்னே எடுத்துட்டு வந்திருக்கேன். ஒரு கால் மணி நேரம் உக்காந்துட்டு வாங்க போதும்."

"போடா, உன் டிக்கெட்டுக்கு மயங்குற ஆளா நான்? இந்தா, விலா எலும்பு. தின்னுட்டுப் போய்த் தோத்துட்டு வா" என்பார் ஒடெல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியே நின்றே முழு ஆட்டமும் அவருக்குத் தெரியும். ரேடியோகூட வைத்துக்கொள்ள மாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் எழுகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். டிக்கெட் கிடைக்காமல் திடலில் நிற்பவர்கள் தட்டோடு அவரைச் சுற்றி நின்று, "என்னாச்சு ஒடெல்?" என்பார்கள். அவர் இடுக்கியை நிறுத்தி, தலையைச் சாய்த்து, "நம்ம பையன் விழுந்துட்டான். அடி பலம். ...எழுந்துட்டான்" என்பார். சரியாக இருக்கும்.

இவர்களுக்கு ஒரே மகள், டியாண்ட்ரா. அவளும் டாலபூசாவில்தான் சேர்ந்தாள். பந்தாட்டத்துக்கு அல்ல, பேண்டு வாத்தியத்துக்கு. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அணி பாதி என்றால் பேண்டு பாதி. மற்ற ஊர்க்காரர்கள் இடைவேளையில் கழிவறைக்கு ஓடுவார்கள். நாங்கள் ஆட்டம் நடக்கும்போது போய்விட்டு, இடைவேளைக்கு ஓடி வந்து உட்காருவோம். மூன்று வருஷம் அவள் டிராம்போன் என்கிற நீளமான ஊதுகுழல் வாசித்தாள். நான்காவது வருஷம் அவளைத் தலைவியாக்கினார்கள். உயரமான ரோமத் தொப்பி, மேலங்கி, கையில் கோல். இருநூற்றுப் பத்துப் பேர் அவள் பின்னால். அவள் அப்பா அதை போனில்தான் பார்த்தார், வெர்லின் கை ஆட ஆட எடுத்து வந்த படங்களில், உள்ளங்கை அகலத்தில்.

அந்த வருஷம் நவம்பரில் கடைசி ஆட்டம். அவளுக்கும் அதுதான் கடைசி, அடுத்த மே மாதம் படிப்பு முடிகிறது. எதிரே பெட்டிஸ் ஸ்டேட். ஜெயித்தால் எங்கள் அணி பதினாறு வருஷத்துக்குப் பிறகு இறுதிப் போட்டிக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ராஸ்கோ வழி நெடுகக் கத்திக்கொண்டு வந்தார். எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அலபாமா எல்லையைத் தாண்டும் வரை போன தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினவர் பாத்திரம் கழுவ வேண்டும். எல்லைக்கு நான்கு மைல் இருக்கும்போது ராஸ்கோ, "போன தடவை மட்டும் அந்த உதை..." என்று ஆரம்பித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்த வருஷமும் நீதான் கழுவணும், சகலை" என்றார் ஒடெல் கண்ணாடியில் பார்த்து. "போன வருஷம் இதே பாலத்துகிட்டதான் மாட்டினே."

சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது டியாண்ட்ரா பயிற்சி முடிந்து திடலுக்கு வந்தாள். கால்சட்டையெல்லாம் புல். வழக்கமாக வந்ததும் கை கழுவாமல் தட்டில் கை வைக்கிற பெண், அன்று அடுப்பருகே வந்து அப்படியே நின்றாள்.

"அப்பா, நாளைக்கு உள்ள வாங்களேன்."

நான்கு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. எங்களோடு வளர்ந்த பெண், அவளுக்கும் ராசி தெரியும். வெர்லின் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். ஒடெல் மகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

நான் சொன்னேன்: "கண்ணு, மத்த நாளா இருந்தா பரவால்ல. நாளைக்கு ஒரு நாளு போகட்டும். இத்தனை வருஷம் பொறுத்தோம். இறுதிப் போட்டிக்குப் போனா அங்கயும் உங்க பேண்டு வரும்ல?"

"அங்க பேண்டு இல்ல, பெரியம்மா. அந்த மைதானத்துல எடமில்லயாம்." கால்சட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். "சரி. பரவால்ல." ஒரு துண்டுகூட வாயில் போடாமல் விடுதிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வெர்லின் என்னோடு பேசவில்லை. சோள ரொட்டி வேண்டுமா என்று கேட்டால் ராஸ்கோவைப் பார்த்து, "வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். சனிக்கிழமை காலையும் அதே கதைதான். ஒடெல் மட்டும் ஒன்றும் நடக்காதது போல விலாவுக்கு வினிகர் தெளித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வாயைத் திறந்தது ராஸ்கோ. பாத்திரம் கழுவிக்கொண்டே, "எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "இடைவேளைல பந்து எங்க இருக்கு?"

"நடுவர்கிட்ட" என்றேன்.

"கடிகாரம்?"

"நின்னிருக்கும்."

"பந்து ஓடல, கடிகாரம் ஓடல, பசங்க உள்ள அறையில தண்ணி குடிச்சிட்டிருக்காங்க. அப்ப ஒடெல் வந்து உக்காந்தா அவன் ராசி யாரைப் போய்ப் பிடிக்கும்? தண்ணியையா?"

வெர்லின் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். பத்து வயதில் அவள் பொம்மையை நான் பிடுங்கிக்கொண்டபோது பார்த்த அதே பார்வை. நான் யோசித்து, நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொன்னேன். இடைவேளைக்கு வரலாம். ஆனால் ஆட்டத்தில் ஒரு நொடிகூடக் கண்ணில் படக் கூடாது. இடைவேளை முடிந்து மறுபடி விசில் ஊதுவதற்குள் வாசலைத் தாண்டித் திடலுக்குப் போய்விட வேண்டும்.

"சரிக்கா" என்றார் ஒடெல். உடனே முதுகைத் திருப்பிக்கொண்டு நெருப்பைக் கிளற ஆரம்பித்தார். கிளற அங்கே ஒன்றும் இல்லை.

வெர்லின் பஸ்ஸுக்குள் போய் ஒரு சட்டையை எடுத்து வந்தாள். கத்தரிப்பூ நிறம், இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. எப்போது வாங்கி வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

முதல் பாதியில் எங்கள் பையன்கள் பேய் மாதிரி ஆடினார்கள். பதினாறுக்கு ஏழு, நாங்கள் முன்னால். பாதி முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது, போட்ட ஒப்பந்தப்படி, அவரைக் கூட்டிவர நானே வாசலுக்குப் போனேன். ஏப்ரனைக் கழற்றி, சட்டையை மாட்டி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் கழுவியிருந்தார். காதோரம் மட்டும் கரி இருந்தது.

படியேறும் வழியில் மைதானம் தெரிய ஆரம்பிக்கிற திருப்பத்துக்கு வந்தோம். உள்ளே இன்னும் ஐம்பது வினாடி பாக்கி.

"கண்ணை மூடு" என்றேன்.

மூடிக்கொண்டார். அவர் முழங்கையைப் பிடித்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு படியாக ஏற்றினேன். ஐம்பது வயது மனிதர், கண்ணை இறுக்கிக்கொண்டு, காலால் படியைத் தடவித் தடவி வருகிறார். எங்கள் பகுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் வருஷக்கணக்காக அதே இருக்கைக்காரர்கள். பார்த்ததும் சலசலப்புக் கிளம்பியது.

"யப்பா, அது ஒடெல் இல்ல?"

"ஒன்பது பாயிண்ட் முன்னாடி இருக்கோம்! யாருய்யா இவரை உள்ள விட்டது?"

"எர்னஸ்டின், உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"கண்ணைத் தொறக்கலய்யா, எல்லாரும் சும்மா இருங்க" என்று கத்தினேன். "மகளைப் பாக்க வந்திருக்காரு. இடைவேளை முடிஞ்சதும் போயிடுவாரு."

அப்போதும் ஒருவன் தன் கோட்டைக் கழற்றி அவர் தலைமேல் போட்டான், பாதுகாப்புக்காக. ஒடெல் கோட்டுக்குள்ளிருந்து, "நன்றி தம்பி" என்றார். வெர்லின் எங்கள் கோட்டுகளை அவர் இருக்கையிலிருந்து அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். பாதி முடிந்ததற்கான வெடி வெடித்தது. தலைமேல் இருந்த கோட்டை நான் எடுத்தேன்.

கண்ணைத் திறந்தவர் முதலில் மைதானத்தைப் பார்க்கவில்லை, மக்களைப் பார்த்தார். எதிர்ப்புறம் பெட்டிஸ் ஸ்டேட்டின் சிவப்பு, இந்தப்புறம் நாங்கள், மேலே மேலே அடுக்கடுக்காக இருபத்தையாயிரம் பேர். "இவ்ளோ பேரா?" என்றார் மெதுவாக. "கேக்கும்போது தெரியும். ஆனா இவ்ளோ பேரு..."

பேண்டு இறங்கியது. வாத்தியச் சத்தம் இல்லை, மேளக்காரர்கள் குச்சியை விளிம்பில் மட்டும் தட்டிக்கொண்டு வந்தார்கள். முழங்கால்கள் மார்பு உயரத்துக்கு எழும்பி எழும்பி இறங்கின. மைதானத்தின் நான்கு மூலையிலிருந்தும் வரிசைகள் வந்து நின்றபோது நடுவில் ஒரு பாதை மட்டும் காலியாக இருந்தது. அந்தப் பாதையில் டியாண்ட்ரா தனியாக நடந்து வந்தாள்.

நான் அந்த வருஷம் நான்கு தடவை பார்த்தாயிற்று. இருந்தும் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தேன். நடுவில் வந்து நின்றாள். கோலை ஊன்றினாள். பிறகு பின்பக்கமாக வளைய ஆரம்பித்தாள். மெதுவாக, முழங்கால் மடங்காமல், இடுப்பு, முதுகு, தோள், கழுத்து என்று ஒவ்வொன்றாகச் சாய்ந்து, அந்த ரோமத் தொப்பியின் உச்சி அவளுக்குப் பின்னால் இருந்த புல்லைத் தொட்டது. தொட்டபடியே நின்றாள். அப்புறம் நிமிர்ந்தாள், நிமிர்ந்த வேகத்திலேயே உதட்டில் இருந்த விசிலை நான்கு முறை ஊதினாள். இருநூற்றுப் பத்துப் பேரும் ஒன்றாக வாசிக்க ஆரம்பித்தார்கள். காலடியில் சிமெண்டு அதிர்ந்தது.

ஒடெல் என் கையைப் பிடித்தார். வெர்லின் கையை அல்ல, அவள் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, விசில்" என்றார்.

"என்ன விசில்?"

"அவ விசில் ஊதிட்டுதான் ஆரம்பிக்கிறாளா? வெளிய அது கேக்காது. மேளமும் பெரிய ஊதுகுழலும் மட்டுந்தான் சுவரைத் தாண்டி வரும். புல்லாங்குழல்லாம் இருக்கு பாரேன். இதெல்லாம் இருக்குன்னே எனக்குத் தெரியாது." மறுபடி, "நாலு தடவ ஊதுறா" என்றார்.

பஸ்ஸின் பெல்ட் தளர்ந்ததை இருபதடி தூரத்திலிருந்து கேட்கிற மனிதர். தன் மகள் ஊதுகிற விசில் அவர் காதுக்கு எட்டாமல் இருந்திருக்கிறது.

பன்னிரண்டு நிமிஷம் அவர் அசையவில்லை. கைதட்டவும் இல்லை. ஆட்டமும் பாட்டுமாக வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பிரிந்து வட்டமாகிப் பறவையாகின. அவர் கண் மட்டும் அந்தத் தொப்பியை விடாமல் தொடர்ந்தது. பேண்டு வெளியேற ஆரம்பித்ததும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"வரேன்க்கா. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, வாசலைத் தாண்டிடுவேன்."

"ஒடெல், நில்லு" என்றேன். "உண்மையச் சொல்லு. ராசியெல்லாம் நீ நம்புறியா?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து, தேவாலயத்தில் பேசுகிற குரலில் சொன்னார்: "நான் பஸ் ரிப்பேர் பாக்குறவன்க்கா. உள்ள உக்காந்து பாக்குறவனால எவனும் பந்தைத் தவறவிட மாட்டான்."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம்?"

"நீங்கல்லாம் நம்பினீங்கல்ல? நான் உள்ள இருந்து தோத்தா, யாரும் என்னை ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. ஆனா திரும்பிப் போற ஆறு மணி நேரமும் பஸ்ல ஒருத்தரும் பேச மாட்டீங்க. வெர்லின் ஜன்னலையே பாத்துட்டு வருவா. அந்த முதல் வருஷம் பாத்தேனே. நான் வெளிய நின்னா, தோத்தாலும் நடுவரைத் திட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு வருவீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு." படியில் ஒரு காலை வைத்தார். "போட்டும், நேரமாச்சு."

என்னைப் பெரிய ரசிகை என்பார்கள். நாற்பது வருஷம் அந்த மைதானத்தில் எத்தனையோ ஓட்டம், எத்தனையோ பாய்ச்சல் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். எனக்குப் பக்கத்து வீட்டில் இவ்வளவு பெரிய மனசு ஒன்று ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றது என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.

"உக்காரு."

"அக்கா, விசில் ஊதப்போறாங்க."

"ஊதட்டும். உக்காருன்னா உக்காரு."

எங்கள் வரிசையே எழுந்து நின்றுவிட்டது. கோட்டுக் கொடுத்தவன், "எர்னஸ்டின், பேசினது என்ன, நடக்கிறது என்ன?" என்றான். ராஸ்கோகூட என் தோளைத் தொட்டு, "யோசிச்சுக்கோ. இறுதிப் போட்டிடி" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சாப்பாட்டு அறையில் முந்நூறு பிள்ளைகளை அடக்குகிற குரலில் சொன்னேன்: "இந்த ராசியக் கட்டிவிட்டவ நான். அவிழ்க்கிறதும் நான்தான். இவரு இங்க உக்காந்துதான் பாப்பாரு. எவனுக்காவது ஆட்சேபனை இருந்தா இப்பவே எங்கிட்ட வந்து சொல்லு."

ஒருவரும் வரவில்லை. ஒடெல் உட்கார்ந்தார். பந்து காற்றில் எழும்பியது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோற்றோம். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது. கடைசி நான்கு வினாடியில் எங்கள் பையன் உதைத்த பந்து ஒரு சாண் வித்தியாசத்தில் வலது கம்பத்துக்கு வெளியே போனது. எங்கள் பகுதி முழுக்கத் திரும்பி ஒடெலைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒடெல் யாரையும் கவனிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, முழங்காலில் கை ஊன்றி, பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், எவ்ளோ சின்னப் பசங்க" என்றார். "வெளியிலிருந்து கேக்கும்போது பெரிய ஆளுங்கன்னு நெனச்சிருந்தேன்."

ஆட்டம் முடிந்தாலும் எங்கள் பக்கம் யாரும் எழுந்து போக மாட்டார்கள். இரண்டு பேண்டும் எதிரெதிரே நின்று மாறி மாறி வாசிக்கும், எவன் சளைக்கிறான் என்று பார்க்க. அன்றைக்கு அது முக்கால் மணி நேரம் நடந்தது. அதில் தோற்கவில்லை. அதையும் கடைசி அடி வரை கேட்டுவிட்டுத்தான் ஒடெல் எழுந்தார்.

நாங்கள் கூட்டத்தில் நசுங்கி வாசலைத் தாண்டித் திடலுக்கு வருவதற்குள் டியாண்ட்ரா எங்களுக்கு முன்னால் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். தூரத்திலேயே பார்த்தேன். தொப்பி கக்கத்தில், மேலங்கி ஒரு தோளில் தொங்குகிறது. எப்போதும் அவள் வரும்போது அடுப்பில் புகை இருக்கும், அப்பா தட்டை நீட்டுவார். இன்று அடுப்பு அணைந்து கிடக்கிறது. ஏப்ரன் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் மாட்டியிருக்கிறது. பக்கத்துக் கூடாரக்காரரிடம், "எங்கப்பாவப் பாத்தீங்களா? அவருக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டியா!" என்று கூப்பிட்டார் ஒடெல்.

திரும்பினாள். முதலில் முகத்தில் நிம்மதி. அப்புறம் அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று பார்த்தாள். அந்தச் சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"அப்பா, உள்ளயா இருந்தீங்க?"

"ஆமா."

"எப்போருந்து?"

"நீ புல்லைத் தொட்டல்ல, அதுக்கு முன்னாடியே." "நாலு தடவ ஊதினியே."

அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள், இரண்டும் கலந்து வந்தது. "நடுவுல போயிட்டீங்களா, கடைசி வரைக்கும் இருந்தீங்களா?"

"கடைசி வரைக்கும்."

"அப்போ நாங்க தோத்தது உங்களாலதானா?"

இருபத்துமூன்று வருஷம் அந்தப் பழிக்குப் பயந்து வெளியே நின்றவர். இப்போது மார்பை நிமிர்த்தி, திடல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆமாம்மா, என்னாலதான்!"

தொப்பியைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.